குதிக்கக் கற்றுத் தருமுன் குட்டிக்குத் தெருவைக் காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் நடந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோளோடு தோள் உரசும். ஒரு பக்கம் மல்லிகைச் சரம், மறுபக்கம் ஊதுவத்திப் புகை, கடை வாசலில் சினிமாப் பாட்டு, சாலையில் 'புஸ்' என்று காற்றை விட்டு நிற்கும் பேருந்து. பழகியவர்களுக்கே சில நேரம் தலை சுற்றும். இந்தச் சாலைக்குப் பத்து வார நாய்க்குட்டியைக் கொண்டுவரலாமா என்று கேட்டால், "ஐயோ கூடாது, தடுப்பூசியே இன்னும் முடியவில்லையே" என்றுதான் பலரும் சொல்வார்கள்.

ஞாயிறு மாலை கூடாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் நேரத்தில், தேக்கா சந்தைக்கு வெளியே நடைபாதை ஓரமாக, குட்டியைத் தரையில் இறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பலாம். அந்தப் பத்து நிமிடம் குட்டிக்கு வீண்போகாது. இரும்புக் கதவு 'கடகட'வென்று மேலே ஏறுவதை அது பார்க்கும். தள்ளுவண்டியைப் பார்க்கும். தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், சக்கர நாற்காலியில் வருபவர் என்று விதவிதமான மனிதர்களைப் பார்க்கும். இத்தனையும் நடக்கும்போது வாயில் சின்னச் சின்னக் கோழித்துண்டு விழுந்துகொண்டே இருந்தால், 'உலகம் இப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை' என்று அதன் மனத்தில் பதிந்துவிடும்.

குட்டிக்கு 'அஜிலிட்டி' எனப்படும் தடைதாண்டும் விளையாட்டைக் கற்றுத்தர விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடமும் இதுதான். குறுக்குக் கம்பியும் சுரங்கக் குழாயும் பிறகு வரட்டும்.

லண்டனில் பிறந்த விளையாட்டு

அஜிலிட்டியைக் காணொளிகளில் பலர் பார்த்திருக்கலாம். நாய் ஒன்று மின்னல்போல் ஓடிவந்து கம்பிகளைத் தாண்டும், துணிக் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும், நட்டுவைத்த பன்னிரண்டு கழிகளுக்கு இடையே பாம்புபோல் வளைந்து செல்லும், சாய்பலகையில் ஏறி இறங்கும். கூடவே அதன் உரிமையாளரும் கைகாட்டியபடி ஓடுவார்.

இது பழங்கால விளையாட்டு அல்ல. 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர்களுக்குப் பொழுது போகவேண்டுமே என்று ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி யோசித்தார். குதிரைகளைத் தடை தாண்ட வைப்பதுபோல் நாய்களை வைத்துச் செய்தால் என்ன என்று தோன்றியது. நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லைத் துணைக்கு அழைத்தார். இடைவேளை வேடிக்கையாக வந்தது கூட்டத்துக்குப் பிடித்துப்போனது. 1980ல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனைத்துலக நாயினச் சம்மேளனமான எஃப்சிஐயின் விதிப்படி, ஒரு நாய் 18 மாதம் நிறைந்த பிறகே அஜிலிட்டி போட்டியில் இறங்கலாம். மூன்று மாதக் குட்டியை வாங்கியவருக்குப் போட்டி வரை பதினைந்து மாதம் கையில் இருக்கிறது. ஆனால் குட்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே வரவேற்பறையில் துடைப்பக் கட்டையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து "தாண்டு, தாண்டு" என்று தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டியும் உற்சாகமாகத் தாண்டும். வீட்டுப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

குட்டியின் கால் எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். அது இறுகி எலும்பாகும்வரை, அடிபட்டால் எளிதில் சேதமடையும். கால் கோணலாக வளரவும் கூடும். சிறிய இனங்களுக்கு அது இறுகப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரை ஆகலாம். பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை உயரத்திலிருந்து குதிப்பதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் வேண்டாம். பன்னிரண்டு கழிகளுக்கு இடையே வளைந்தோடும் பயிற்சியும் இதில் சேரும். முதுகையும் தோளையும் அது அப்படி முறுக்கும். சோபாவிலிருந்து தொப்பென்று குதிப்பதும் அதே கணக்குத்தான்.

ஐந்தில் வளையாதது

உடம்பு காத்திருக்கும், மனம் காத்திருக்காது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம்மவர்கள் சொல்வது நாய்க்கும் பொருந்தும். ஆனால் நாய்க்கு அந்த ஐந்து, ஐந்து வயது அல்ல. ஐந்து வாரம்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலத்தில் எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதை வாழ்நாள் முழுவதும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது.

அங்கே நடந்த இன்னொரு சோதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வேலியிட்ட வெளியில், மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளைத் தாயுடன் வளரவிட்டார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வாரங்களில் சில குட்டிகளை எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டு மீண்டும் அங்கேயே கொண்டுவிட்டார்கள். அந்த ஒரு வாரப் பழக்கம் கிடைத்த குட்டிகளுக்கும், பதினான்கு வாரம் வரை மனிதரையே பார்க்காத குட்டிகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. பின்னவை காட்டு விலங்குபோல் ஒதுங்கின. 1961ல் டேனியல் ஃப்ரீட்மனும் உடன் பணியாற்றியவர்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதை எழுதினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஐந்து வாரக் குட்டிக்கு ஆர்வம் அதிகம், பயம் குறைவு. புதிதாக எதைக் கண்டாலும் போய் முகர்ந்து பார்க்கும். எட்டு வாரத்தை ஒட்டிப் பயம் தலைதூக்கத் தொடங்குகிறது. மூன்று மாதம் தாண்டும்போது பயம் ஆர்வத்தை முந்திவிடுகிறது. அதன் பிறகு புதிதாகப் பார்ப்பதெல்லாம் முதலில் சந்தேகம், பிறகுதான் மற்றது.

சிங்கப்பூரில் இருக்கும் இடைஞ்சலும் இங்கேதான். வெளிநாட்டிலிருந்து வரும் குட்டிகள் பலவும் மூன்று மாதத்தை ஒட்டித்தான் கடைக்கே வருகின்றன. உள்ளூரில் பிறந்த குட்டியும் எட்டுப் பத்து வாரத்தில் வீட்டுக்கு வந்ததும், தடுப்பூசி முழுவதும் முடியட்டும் என்று நான்கு சுவருக்குள் வைக்கப்படுகிறது. தடுப்பூசித் தொடர் பதினாறு வாரம் அல்லது அதற்குப் பிறகுதான் முடியும். பதினேழாவது வாரத்தில் முதல் தடவையாக மின்தூக்கிக்குள் போகும் குட்டி, கதவு மூடும் சத்தத்துக்கே நடுங்குகிறது. "எங்கள் நாய் ரொம்பப் பயந்த சுபாவம்" என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். பிறவிச் சுபாவமும் உண்டுதான். ஆனால் பல வீடுகளில் அது சுபாவம் அல்ல, பார்க்கத் தவறிய உலகம்.

கிருமியா, பயமா?

தடுப்பூசி பற்றிய கவலை நியாயமானது. பார்வோ வைரஸ் 1978ல்தான் நாய்களிடம் அடையாளம் காணப்பட்டது. குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி. நோயுற்ற நாயின் கழிவு பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பூங்காப் புல்லிலும், பல நாய்கள் வந்து போகும் இடங்களிலும் குட்டியைத் தரையில் விடக்கூடாது.

அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்கக்கூடாது. விலங்கு நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008ல் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. முதல் தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்து, குறைந்தது ஏழு நாள் ஆன பிறகு, ஏழெட்டு வாரக் குட்டிகளையே சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைப் பிரச்சினையே முதல் காரணம் என்றும் அது சொன்னது. பயந்த நாய் கடிக்கும், கடித்த நாயை யாரும் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் குட்டியின் உடல்நிலைக்கு எது சரி என்பதை அதற்கு ஊசி போடும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு உறவினர் சொல்லும் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே வெறிநாய்க்கடி நோய் இன்னும் பெரிய ஆபத்து. சிங்கப்பூர் 1953 முதல் அந்த நோய் இல்லாத நாடு. தெருவில் குட்டியைக் கையில் ஏந்தி நிற்கும் துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

சத்தங்களின் ஊர்

சிங்கப்பூர்க் குட்டி பழகவேண்டிய சத்தங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இங்கே இடி இடிக்கிறது. சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடனத்தின் முரசு. தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகளோடு வரும் மேளம். மலாய்த் திருமணம் நடந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் கொம்பாங். ஆகஸ்ட் 9க்கு முந்திய வாரங்களில் ஒத்திகைக்காகத் தலைக்கு மேல் சீறும் போர் விமானங்கள். இவற்றோடு பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பு வேலையின் துளைப்பான் சத்தம். பட்டாசு 1972 முதல் தடை என்பதால் தீபாவளி மட்டும் இந்த வகையில் கொஞ்சம் ஆறுதல்.

இவற்றைக் காத்திருந்து கேட்க வைக்க முடியாது. இடி, மேளம், துளைப்பான் இவற்றின் ஒலிப்பதிவை மிகக் குறைந்த ஒலியில், குட்டி சாப்பிடும்போது போட்டுவிடுங்கள். சில நாள் கழித்து ஒரு படி கூட்டுங்கள். சாப்பிடுவதை நிறுத்திக் காதை மடக்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு படி குறையுங்கள்.

குட்டியின் மனநிலையை அறிய இந்தத் தீனிதான் நல்ல அளவுகோல். வழக்கமாக விரும்பித் தின்னும் துண்டை வேண்டாம் என்கிறதா? வாலைக் காலுக்கிடையே செருகுகிறதா? தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறதா? உதட்டை நக்குகிறதா? உடனே பத்தடி தள்ளிப் போங்கள். "பழகிவிடும்" என்று அங்கேயே பிடித்து நிறுத்துவது எதிர்மாறான பாடத்தைக் கற்பிக்கும்.

தீனி பற்றி ஓர் எச்சரிக்கை. வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு துண்டாக்கிக் கொடுங்கள். குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாட்டிமார் அன்போடு ஊட்டுவதைத் தடுப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய பயிற்சி.

வீவக வீட்டுக்குள் அஜிலிட்டி

இனி தடைதாண்டும் பயிற்சிக்கு வருவோம். குதிக்காமல் எப்படி அஜிலிட்டி? அந்த விளையாட்டில் தோற்கும் நாய்கள் உயரம் போதாமல் மட்டும் தோற்பதில்லை. ஆடும் பலகைக்குப் பயந்து நின்றுவிடும், அல்லது பின்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கம்பியைத் தட்டிவிடும், அல்லது கூட்டத்தைப் பார்த்ததும் உரிமையாளரை மறந்துவிடும். இந்த மூன்றையும் மூன்று மாதக் குட்டிக்கு வரவேற்பறையிலேயே சரிசெய்யலாம்.

முதலில் தரை. வழவழப்பான டைல்ஸில் குட்டி ஓடினால் கால் சறுக்கும். முழங்கால் சில்லு நழுவும் கோளாறு சிறிய இன நாய்களிடம் சாதாரணம். பயிற்சிக்குப் பாய் அல்லது ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

ஆடும் பலகைக்கு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தாம்பாளம் போதும். தரையில் கவிழ்த்து, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் இலேசாக ஆடும், 'டங்'கென்று சத்தமும் போடும். ஒரு பாதம் வைத்தாலும் தீனி. குட்டியைத் தூக்கி அதன் மேல் வைக்கவே கூடாது. தானாக ஏறவேண்டும். இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ நான்கு காலையும் வைத்து நின்று, 'இந்தச் சத்தத்தை நானா போட்டேன்' என்பதுபோல் உங்களைப் பார்க்கும். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பின்கால் விஷயம் பலருக்குப் புதிது. நாய்க்கு முன்கால் போகும் இடம் தெரியும், பின்கால் இழுத்த இழுப்புக்கு வரும், அவ்வளவுதான். பழைய மணைப்பலகை இருந்தால் எடுங்கள். முன்கால் இரண்டையும் அதன் மேல் வைக்கச் செய்து, நீங்கள் மெதுவாகச் சுற்றி வந்தால் குட்டி பின்காலை நகர்த்தி உங்களோடு திரும்பும். துடைப்பக் கட்டைகளைத் தரையில் படுக்கவைத்து, ஏணிப்படிபோல் இடைவெளி விட்டு, அவற்றினூடே மெல்ல நடக்கவிடுவதும் அதே வேலையைச் செய்யும். கட்டை தரையிலேயே இருக்கட்டும். குட்டி குதிக்கத் தொடங்கினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.

சுரங்கக் குழாய்க்கு இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி. குடும்பத்தில் ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். பிள்ளைகளுக்கு இதில் நல்ல வேலை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குட்டி வந்தால் தீனி கொடுப்பது அவர்கள் பொறுப்பு. கூப்பிட்டால் வருவதுதான் அஜிலிட்டியின் உயிர்நாடி. கயிறில்லாமல் ஓடும் விளையாட்டாயிற்றே!

ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. அதற்கு மேல் குட்டிக்குக் கவனம் நிற்காது. வெளியே பயிற்சி என்றால் காலை எட்டுக்கு முன் அல்லது சூரியன் இறங்கிய பின். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துச் சில விநாடி தாங்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு வாங்குவதே சிரமம் என்பதால் இரட்டிப்புக் கவனம் தேவை.

வீவக வீட்டில் 62 சிறிய இனங்களில் ஒன்றை, ஒரு நாய் மட்டும், வளர்க்கலாம். அஜிலிட்டி போட்டிகளில் கொடிகட்டிப் பறக்கும் பார்டர் கோலி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக வருந்த வேண்டாம். தடையின் உயரம் நாயின் உயரத்துக்கு ஏற்ப மாறும். எஃப்சிஐ விதிப்படி சிறிய நாய்களுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர்தான். மினியேச்சர் பூடலும் மினியேச்சர் ஷ்னாவ்சரும் இதில் கெட்டிக்காரர்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் உரிமம் எடுக்கவும் மறந்துவிடாதீர்கள்.

மின்தூக்கியில் ஓர் ஓரம்

பழக்குவது என்றால் எல்லாரும் குட்டியைத் தொட்டுக் கொஞ்சவேண்டும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. புளோக்கில் நாய்க்குப் பயப்படுகிறவர் இருப்பார். நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவ வேண்டும் என்ற கடமையுள்ள முஸ்லிம் அண்டை வீட்டார் இருப்பார்கள். மின்தூக்கியில் யாரேனும் ஏறினால் ஓரமாக உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கக் குட்டிக்குக் கற்றுக்கொடுங்கள். தேவையானால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருங்கள். மனிதர் அருகில் இருந்தும் அவர்மேல் தாவாமல் இருப்பதும் பழக்கம்தான். போட்டித் திடலில் நடுவர் பக்கத்தில் நிற்கும்போது கைகொடுப்பதும் இதே பழக்கம்.

"ஆன்ட்டி, தொடலாமா?" என்று கீழ்த்தளத்தில் பிள்ளைகள் ஓடிவருவார்கள். தொடலாம், ஒருவர் ஒருவராக, மார்புப் பக்கம் தடவலாம், தலைக்கு மேலாகக் கை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். குட்டி உங்கள் பின்னால் ஒளிந்தால், "இன்றைக்கு வேண்டாம் தம்பி, அதற்குக் கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லத் தயங்காதீர்கள். பிள்ளைகள் கோபித்துக்கொள்வதில்லை.

கட்டுமானத் தளங்களிலும் புதர்க்காடுகளிலும் பிறந்து, பிடிபட்டு, தத்துக்கு வரும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' நாய்களின் கதை வேறு. 2012ல் தொடங்கிய 'புரொஜெக்ட் அடோர்' திட்டம் வழியாக நடுத்தர உயரமுள்ள அந்தக் கலப்பின நாய்களையும் வீவக வீட்டில் வளர்க்க வழி பிறந்தது. தத்தெடுப்பவர் நாய்க்கு அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சி கொடுப்பது கட்டாயம். அவற்றில் பல, பழகும் பருவத்தை மனிதரே இல்லாமல் கழித்துவிட்டவை. ஆறு மாதத்தில் வீட்டுக்கு வரும் அப்படிப்பட்ட நாயைச் செவ்வாய்க்கிழமை காலை தேக்காவுக்குக் கூட்டிவர முடியாது. கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வரவே இரண்டு வாரம் ஆகலாம்.

அந்த நாய்க்குத்தான் கவிழ்த்துவைத்த தாம்பாளம் இன்னும் அதிகமாக உதவுகிறது. மனிதர் முகத்தைப் பார்க்கக் கூசும் நாய், தட்டைப் பார்க்கக் கூசுவதில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் கோழியை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்காருங்கள். இரவு எல்லாரும் அடங்கிய பிறகு 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்காதீர்கள். மறுநாள் தட்டை அரை அடி உங்கள் பக்கமாக நகர்த்தி வையுங்கள்.